தபால் எங்கே வந்தது?

"அங்க போயும் கார்லதான் படுக்கப் போறியா?" என்று அம்மா போனில் கேட்டாள்.

"இல்லம்மா. கூப்பிட்டவங்களே ரூம் போட்டிருக்காங்க."

"நல்ல வேளை. வீடு வாசல் இல்லாதவன் மாதிரி தெருவுல படுத்துக் கெடந்துட்டு, அதைப் போட்டோ புடிச்சு ஊர் ஊராக் காட்டுற ஒரே புள்ள நீதான்டா."

அம்மா சொன்னதில் தப்பில்லை. நான் டென்வரில் இருக்கிறேன். வாரத்தில் ஐந்து நாள் கணினி, இரண்டு நாள் பாறை. ஏறுவதில் பெரிய ஆள் கிடையாது. ஆனால் பழைய பாறையேறிகளின் கதைகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன், கொஞ்சம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லவும் வரும் என்பதால் அவ்வப்போது பேசக் கூப்பிடுகிறார்கள். 2024 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பாறையேற்றப் பயிற்சிக்கூடத்தில் அப்படி ஒரு கூட்டம். தலைப்பு, யோசமிட்டி பள்ளத்தாக்கின் கேம்ப் 4.

பாறை ஏறாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கேம்ப் 4 என்பது யோசமிட்டி தேசியப் பூங்காவில் இருக்கும் ஒரு புழுதி படிந்த முகாம் திடல். ஐம்பது, அறுபதுகளில் அங்கே தங்கி ஏறிய பத்து முப்பது இளைஞர்கள்தான் இன்றைய பாறையேற்றத்தின் பாதி உத்திகளையும் கருவிகளையும் உண்டாக்கினார்கள். வாரன் ஹார்டிங்கும் இன்னும் இரண்டு பேரும் 1958 நவம்பரில் எல் கேப்பிட்டன் சுவரின் உச்சியைத் தொட்டதும் அந்தக் காலத்தில்தான். கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் செங்குத்துக் கருங்கல். காசில்லை, வேலையில்லை, குளிப்பதில்லை. தங்களை 'டர்ட்பேக்' என்று அழைத்துக்கொண்டார்கள். அழுக்கு மூட்டை. எங்கள் வட்டத்தில் அது திட்டு இல்லை, பட்டம்.

என் பேச்சில் எப்போதும் கைதட்டு வாங்கும் இடம் இவோன் ஷுயினார்டின் கதை. பின்னாளில் பட்டகோனியா என்ற துணி நிறுவனத்தை உருவாக்கியவர். இளைஞராக இருந்தபோது, இதே சான் பிரான்சிஸ்கோவில் நசுங்கிய டின்களைக் கழிவு விலைக்கு விற்கும் கடையில் பூனைக்கான மீன் டின்களைப் பெட்டி பெட்டியாக வாங்கி, மலைக்குக் கொண்டுபோய்த் தின்றார். கூடவே அணில், முள்ளம்பன்றி. வருஷத்தில் இருநூறு நாளுக்கு மேல் ராணுவக் கழிவு விற்பனையில் வாங்கிய உறைப்பைக்குள் வெட்டவெளியில் தூக்கம். நாற்பது வயதை நெருங்கும்வரை சொந்தமாக ஒரு கூடாரம் வாங்கவில்லை. 1962இல் சரக்கு ரயிலில் தொற்றிக்கொண்டு போனபோது அரிசோனாவில் வின்ஸ்லோ என்ற ஊரில் போலீஸ் பிடித்தது. 18 நாள் ஜெயில். குற்றம்? பிழைப்புக்கு வழி இருப்பதாகத் தெரியாமல் இலக்கின்றி அலைந்தது.

"இலக்கின்றி அலைந்தது" என்று சொல்லிவிட்டு, எல் கேப்பிட்டனின் படத்தைத் திரையில் போட்டு ஒரு நிமிஷம் சும்மா நிற்பேன். கூட்டம் வெடித்துச் சிரிக்கும்.

அடுத்த படம் என்னுடையது. 2016இல் வேலையை விட்டுவிட்டு நாலு மாதம் ஒரு பழைய வேனில் ஊட்டாவிலும் கலிஃபோர்னியாவிலும் சுற்றினேன். வேனின் பின்கதவு திறந்திருக்கிறது, உள்ளே மெத்தை, கயிறு, பரட்டைத் தலையோடு நான். படத்தின் மேல் பெரிய எழுத்தில்: 'நான் வீடற்றவனாக இருந்த நாட்கள்'. அதற்கும் சிரிப்பு. அன்றைக்கும் சிரித்தார்கள்.

எல்லாம் முடிந்து மடிக்கணினியை மூடிக்கொண்டிருந்தேன். நாற்காலிகளை மடக்கிச் சுவரோரம் அடுக்கிக்கொண்டிருந்தவர் பக்கத்தில் வந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. அந்த இடத்தைச் சுத்தம் செய்பவர். நிதானமாகத்தான் கேட்டார்.

"அந்த நாலு மாசமும் உங்களுக்கு வர்ற தபாலெல்லாம் எங்க வந்துச்சு?"

எனக்குப் புரியவில்லை. "ஃப்ரெண்டு வீட்டுக்கு. அவன் வாங்கி வெச்சிருந்தான்."

"அப்போ உங்களுக்கு வீடு இருந்திருக்கு."

கோபமெல்லாம் இல்லை அவர் குரலில். ஒரு கணக்கைச் சரிபார்ப்பது போல. மூன்று வருஷமாகக் காரில்தான் தூங்குகிறாராம். காரை நிறுத்திய இடத்துக்கு ஒரு அபராதச் சீட்டு. அதற்கு நீதிமன்றத்திலிருந்து ஒரு கடிதம். அது எந்த முகவரிக்குப் போனதோ, இவர் கையில் வரவில்லை. குறித்த தேதியில் ஆஜராகாததால் பிடிவாரண்டு. "மத்தபடி நல்லாப் பேசுனீங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி நாற்காலிக்குப் போய்விட்டார்.

என் கல்லூரி நண்பன் ஒருத்தன் அந்த ஊரில் இருக்கிறான். "மச்சி, நடக்காத. கேப் போட்டுக்கோ. டெண்டர்லாயின் பக்கம் ராத்திரி ஒருமாதிரி இருக்கும்" என்றான். நான் நடந்தேன். வீரம் ஒன்றுமில்லை, கார் பிடித்து உட்கார மனசு வரவில்லை. நடைபாதையில் கூடாரங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக. ஒரு சக்கர நாற்காலி. மூத்திர வாடை. பேண்ட் பாக்கெட்டில் போனைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வேகமாகத்தான் நடந்தேன், அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு கூடாரத்தைத் தாண்டும்போது அதன் பிராண்டு கண்ணில் பட்டது. நான் வைத்திருக்கும் அதே கம்பெனி. அந்தக் கம்பெனி, நார்த் ஃபேஸ், 1966இல் இதே ஊரில் நார்த் பீச் பகுதியில் ஒரு சின்னக் கடையாக ஆரம்பித்தது. மலைக்குப் போகிறவர்களுக்குக் கூடாரம் விற்க.

ஊருக்குத் திரும்பிய பிறகு சில வாரம் சட்டப் புத்தகங்களோடு கிடந்தேன். ஷுயினார்டை உள்ளே தள்ளிய அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும் போலிருந்தது.

அது பழசு. 1349இல், பிளேக் இங்கிலாந்தில் கொத்துக் கொத்தாகக் கொன்றுபோட்ட பிறகு, கூலியாள் கிடைக்காமல் போயிற்று. மிஞ்சியவர்கள் அதிகக் கூலி கொடுக்கும் ஊருக்கு நகர ஆரம்பித்தார்கள். உடனே அரசாணை: உடம்பில் வலு இருப்பவன் பழைய கூலிக்கே வேலை செய்தாக வேண்டும், அவனுக்குப் பிச்சை போடுவதும் குற்றம். அலைவது குற்றமானது இப்படித்தான். அலைகிறவன் யாருக்கும் அடங்காத கூலி என்பதுதான் அவர்கள் பிரச்சினை. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைகள் விடுதலையான கையோடு, 1865இல் மிசிசிப்பி மாநிலம் இதே ஆயுதத்தை எடுத்தது. வேலையில் இருப்பதற்குச் சான்று காட்டாத கறுப்பர் ஊர்சுற்றி. அபராதம் கட்ட முடியாவிட்டால் யாராவது கட்டி, அவரைக் கூலிக்கு எடுத்துக்கொள்ளலாம். நம் பக்கமும் இதன் வாரிசுகள் உண்டு. 1959இன் பம்பாய்ப் பிச்சை ஒழிப்புச் சட்டத்தில், கண்ணுக்குத் தெரியும் பிழைப்பு வழி இல்லாமல் பொது இடத்தில் திரிபவரும் பிச்சைக்காரர் என்றே வரையறை. வின்ஸ்லோ போலீஸின் வாக்கியத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. டெல்லிக்கு நீட்டித்திருந்த அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை 2018இல்தான் டெல்லி உயர் நீதிமன்றம் செல்லாது என்றது.

அமெரிக்காவில் அதை உடைத்தவர் ஒரு மலைக்காரர் என்பது எனக்குத் தெரியாமல் இருந்தது. வில்லியம் ஓ. டக்ளஸ். உச்ச நீதிமன்றத்தில் 36 வருஷம் நீதிபதி. சிறுவயதில் நோயில் மெலிந்துபோன கால்களைத் தேற்றுவதற்காக வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா குன்றுகளில் ஏற ஆரம்பித்தவர், கடைசிவரை நிறுத்தவில்லை. 1950இல் மலைகளைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். பையனாக இருந்தபோது பழத்தோட்டங்களில் நாடோடிக் கூலிகளோடு வேலை செய்தவர். 1972இல் அவர் எழுதிய தீர்ப்பு ஜாக்சன்வில் நகரத்தின் ஊர்சுற்றிச் சட்டத்தைப் பற்றியது. அந்தச் சட்டத்தின் பட்டியலைப் படித்தால் சிரிப்பு வரும்: போக்கிரிகள், வித்தை காட்டுபவர்கள், குடிகாரர்கள், இரவில் நடமாடுபவர்கள், மனைவியின் சம்பாத்தியத்தில் வாழ்பவர்கள். வழக்கில் சிக்கியவர்களில் நாலு பேர் ஒரே காரில் இரவு விடுதிக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். இரண்டு வெள்ளைப் பெண்கள், இரண்டு கறுப்பு ஆண்கள். குற்றம், காரில் பதுங்கித் திரிந்தது! இனம் ஒரு காரணமே இல்லை என்றது போலீஸ்.

நடப்பதும், உலாத்துவதும், திரிவதும் வாழ்க்கையின் இன்பங்களில் சேர்ந்தவை என்று டக்ளஸ் எழுதினார். விட்மனையும் தோரோவையும் துணைக்கு அழைத்தார். ஒருமனதான தீர்ப்பு. சட்டம் செல்லாது. படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நம்ம ஆளு என்று தோன்றியது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. அவர் காப்பாற்றியது திரிகிறவனை. திரிகிறவன் எங்காவது படுக்க வேண்டுமே, அதைப் பற்றி அந்தத் தீர்ப்பில் இல்லை. நகரங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. 'நீ இன்னார்' என்று சொல்லிப் பிடிக்க முடியாதா? சரி, 'நீ இன்னது செய்தாய்' என்று பிடிக்கலாம். படுத்தாய். உட்கார்ந்தாய். போர்வை விரித்தாய். சான் பிரான்சிஸ்கோவிலேயே 2010இல் பகல் நேரத்தில் நடைபாதையில் உட்கார்வதற்கும் படுப்பதற்கும் தடை, 2016இல் நடைபாதைக் கூடாரங்களுக்குத் தடை. இரண்டும் மக்களே வாக்களித்துக் கொண்டுவந்தவை. ஒரிகானில் கிராண்ட்ஸ் பாஸ் என்ற சிறு நகரம், பூங்காவில் போர்வையோடு படுத்தால் அபராதம் என்றது. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 2024 ஜூன் 28 அன்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் நகரம் ஜெயித்தது.

பெரும்பான்மைத் தீர்ப்பில் ஒரு இடம் என்னை நிறுத்தியது. இந்தச் சட்டம் எல்லோருக்கும் சமம் என்று சொல்வதற்கு மூன்று உதாரணம் கொடுக்கிறார்கள். வீடற்றவர், ஊர் வழியாகப் போகும் முதுகுப்பைப் பயணி, விடுதி அறையை விட்டு வந்து கூடாரமடித்துப் போராடும் மாணவர். யாராக இருந்தாலும் குற்றம் ஒன்றுதானாம். முதுகுப்பைப் பயணி என்றால் நான்தான். மாறுபட்ட தீர்ப்பு எழுதிய சோட்டோமேயர், அந்த ஊர்க் காவல் அதிகாரி கொடுத்த வாக்குமூலத்தை எடுத்துக் காட்டுகிறார். வீடு இருக்கிற ஒருவருக்கு அந்தச் சட்டத்தில் அபராதம் போட்டதாக அவருக்குத் தெரியவில்லை. நாலு மாதத்தில் நான் எத்தனை ஊரில் படுத்திருப்பேன்! இரண்டு தடவை போலீஸ் கண்ணாடியைத் தட்டியது. இரண்டு தடவையும் டார்ச் வெளிச்சம் கயிறுகளின் மேல் விழுந்ததும், "ஏறப் போறீங்களா? எந்தப் பக்கம்?" என்று பேச்சு மாறிவிட்டது. கயிறு எனக்கு அடையாள அட்டை.

எங்கள் வட்டத்துக்குக் குலதெய்வம் போல ஒருவர் உண்டு, ஜான் மியூர். அவருக்கும் ஒரு தபால் கதை இருக்கிறது. 1867இல் மெக்சிகோ வளைகுடாவை நோக்கிக் கால்நடையாகப் போனவர், சவானா நகரத்துக்கு வந்தபோது கையில் காசு கிட்டத்தட்டத் தீர்ந்துவிட்டது. அண்ணன்தம்பிகளில் ஒருவர் அனுப்ப வேண்டிய பணம் வந்து சேரவில்லை. ஊருக்கு வெளியே பானவென்ச்சர் கல்லறைத் தோட்டத்தில் புதருக்குள் குடிசை போல ஒரு மறைப்புக் கட்டிக்கொண்டு சில ராத்திரிகள் தூங்கினார். பேய்க்குப் பயந்து திருடன் வர மாட்டான் என்று கணக்கு. பசியில் தலை சுற்ற ஆரம்பித்த சமயத்தில் பணம் வந்தது. ஆனால் 'நீதான் மியூர் என்பதற்கு என்ன சாட்சி?' என்றார் அலுவலகத்தில் இருந்தவர். செடிகொடி ஆராய்ச்சி செய்பவன் என்று கடிதத்தில் இருக்கிறதே, தாவரவியலில் கேள்வி கேட்டுப் பாருங்கள் என்று சொல்லிப் பணத்தை வாங்கிக்கொண்டார். அடுத்த வருஷம் சான் பிரான்சிஸ்கோவில் கப்பலைவிட்டு இறங்கி, ஊரை விட்டு வெளியேறக் குறுக்கு வழி எது என்று விசாரித்தார் என்பது எல்லோரும் சொல்லும் கதை. கல்லறைக் கதையை நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அதில் அந்தச் சகோதரர் இருப்பதை இப்போதுதான் கவனித்தேன்.

சரி, மியூர் தேடிப் போன அந்தக் காட்டில் என்ன நடந்தது? இதைத்தான் நான் மேடையில் ஒருபோதும் சொன்னதில்லை. தெரியாமல் அல்ல. கேம்ப் 4 கதையின் ருசியைக் கெடுக்கும் என்பதால்.

யோசமிட்டி பள்ளத்தாக்கில் ஆவானீச்சி மக்கள் வாழ்ந்தார்கள். 1850இல் கலிஃபோர்னியா, 'செவ்விந்தியர்களின் பாதுகாப்பு' என்று பேர் வைத்து ஒரு சட்டம் போட்டது. வேலையில்லாமல் திரியும் பூர்வகுடி ஒருவரைப் பிடித்து, அதிக விலை கேட்பவரிடம் கூலியாக ஏலம் விடலாம். உச்ச வரம்பு நாலு மாதம். அவர்கள் நிலத்திலேயே அவர்கள் ஊர்சுற்றிகள். 1851இல் மாரிபோசா படை பள்ளத்தாக்குக்குள் நுழைந்து குடியிருப்புகளைக் கொளுத்தியது. சிலர் எப்படியோ திரும்பி வந்து, ஓட்டல்களிலும் பூங்காவிலும் வேலை செய்துகொண்டு அங்கேயே இருந்தார்கள். 1930களில் பூங்கா நிர்வாகம் அவர்களுக்கெனச் சின்னச் சின்ன மர வீடுகள் கட்டி ஓரிடத்தில் ஒதுக்கியது. பிறகு 1953இல் ஒரு விதி: நிரந்தர அரசு வேலையில் இருப்பவரும் குடும்பமும் மட்டும் இருக்கலாம். வேலை போனால் வீடும் போயிற்று. வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகின. 1969இல் அந்தக் கிராமத்தை அழித்தார்கள். தீயணைப்புப் பயிற்சி என்று வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். பூங்கா வேலையில் இருந்து அங்கே மிஞ்சிய கடைசி மனிதர் 1996இல் ஓய்வு பெற்று வெளியேறினார்.

அந்தக் கிராமம் இருந்த இடம் கேம்ப் 4க்கு மேற்கே, காலாற நடந்து போகும் தூரம்.

அறுபதுகளில் எங்கள் நாயகர்கள் பூனை டின்னைத் திறந்துகொண்டு, தங்கும் நாள் வரம்பைத் தாண்டியதற்காக ரேஞ்சர்களோடு ஒளிந்து விளையாடிய அதே வருஷங்களில், பக்கத்துத் திடலில் வீடுகள் காலியாகிக்கொண்டிருந்தன. 1997 ஜனவரியில் மெர்சட் ஆற்றில் வெள்ளம் வந்து, அதன்பின் கேம்ப் 4க்குப் பக்கத்தில் கட்டடம் கட்டப் பூங்கா திட்டமிட்டபோது, டாம் ஃபிராஸ்ட் என்ற பழைய பாறையேறி வழக்குப் போட்டார். உலகமெங்கும் இருந்து ஆதரவு. 2003இல் கேம்ப் 4 தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் ஏறிற்று. ஆட்கள் வெறுந்தரையில் படுத்துத் தூங்கிய இடம் என்பதற்காக ஒரு இடம் நினைவுச்சின்னமாவது எவ்வளவு அழகு! அன்றைக்கு நானும் கொண்டாடினேன். ஃபிராஸ்ட் செய்தது நல்ல காரியம், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். பக்கத்துத் திடலுக்கு அப்படி ஒரு ஃபிராஸ்ட் 1969இல் இல்லை. தங்கள் கிராமத்தை அதே இடத்தில் மறுபடி எழுப்பும் வேலையை அந்த மக்களே பல வருஷமாக இழுத்துக்கொண்டு வருகிறார்கள்.

சான் பிரான்சிஸ்கோ கிளம்பும் முன் ஒரு நாள் மிச்சம் இருந்தது. நண்பன் கார்னி தெருவில் ஒரு மூலையைக் காட்டினான். அங்கே இன்டர்நேஷனல் ஓட்டல் இருந்தது. மாத வாடகைக்குச் சிறு அறைகள். வயலிலும் கப்பலிலும் உழைத்து ஓய்ந்த ஃபிலிப்பைன்ஸ், சீனக் கிழவர்கள் தனியாக வாழ்ந்த இடம். 1968இல் காலி செய்யச் சொன்னார்கள். ஒன்பது வருஷம் போராட்டம். காலி செய்ய மறுத்ததற்காக ஷெரிஃப் ஹாங்கிஸ்டோ ஐந்து நாள் ஜெயிலுக்கே போனார். கடைசியில் 1977 ஆகஸ்ட் 4 அதிகாலையில், கைகோத்து நின்ற ஆயிரக்கணக்கானவர்களை விலக்கிக்கொண்டு போலீஸ் உள்ளே போனபோது, அதே ஷெரிஃப் பெரிய சுத்தியலால் கதவுகளை உடைத்தார். நார்த் ஃபேஸ் தொடங்கிய கடையிலிருந்து அந்த மூலை நாலைந்து தெரு தள்ளித்தான். இப்படிப்பட்ட அறைகள் ஊர் முழுக்க இடிபட்டன. காசில்லாதவன் கூடாரத்துக்கு முன்னால் தங்கியிருந்தது அந்த அறைகளில்தான்.

அங்கிருந்து பிரெசிடியோ. மரத்தாலான இரண்டு குட்டி வீடுகள் அங்கே பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. 1906 பூகம்பமும் தீயும் இந்த ஊரின் நாலு லட்சம் பேரில் பாதிக்கு மேற்பட்டவர்களைத் தெருவில் நிறுத்தியது. பூங்காக்களில் கூடாரங்கள். மழைக்காலத்தைக் கருதி, தச்சர்களை வைத்து 5,610 சின்ன வீடுகள் கட்டினார்கள். செம்மரச் சுவர், பச்சை வண்ணம். மாதம் இரண்டு டாலர் கட்டி, ஐம்பது டாலர் சேர்ந்ததும் வீடு உங்களுடையது. 1908க்குள் முகாம்களை மூடியபோது, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைக் குதிரை வண்டியில் ஏற்றித் தங்கள் மனைக்குக் கொண்டுபோனார்கள். சீனர்களை முகாம் முகாமாக விரட்டினார்கள் என்பதும் அதே வரலாறுதான். இருந்தாலும், வீடில்லாதவனிடம் 'நீ ஏன் இப்படி ஆனாய்' என்று கேட்காமல் இந்த ஊர் ஒருமுறை வீடு கட்டிக் கொடுத்திருக்கிறது. காரணம் எல்லோர் கண்ணெதிரிலும் ஆடியிருந்தது.

ஒரு வீட்டின் ஓரமாக அடி வைத்து அளந்தேன். என் வேனைவிடப் பெரிது, அவ்வளவுதான். நண்பன் கேட்டான், "என்னடா அளக்குற, வாங்கப் போறியா?"

அடுத்த மாதம் இன்னொரு ஊரில் பேச வேண்டும். வேன் படத்தை எடுத்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எடுக்கவில்லை. மேலே இருந்த வரியை மட்டும் அழித்துவிட்டு இப்படி எழுதியிருக்கிறேன்: 'நாலு மாதம். தபால், நண்பன் வீட்டுக்கு.' யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அதற்கு அடுத்ததாக ஒரு புதுப் படம் சேர்த்திருக்கிறேன். கேம்ப் 4க்கு மேற்கே உள்ள திடல்.